எந்த டாக்டரிடம் போவது? டாக்டரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் கழுத்து, தொண்டை, முகம் பற்றியவைதான் அதிகம். எல்லாவற்றிலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: யாரிடம் காட்டுவது? ஊரை மட்டும் விட்டுவிட்டு மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகப் போய்விட்டது. மற்றவர்களும் அதைப் படித்துவிடுங்கள், அதில் சொன்னதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 43. ஒன்றரை வருடமாக இடது பக்கத் தொண்டையில் முள் சிக்கிய மாதிரியே இருக்கிறது. எச்சில் விழுங்கினால் காதுவரை இழுக்கிறது. கொட்டாவி விட்டாலும், தலையை இடது பக்கம் திருப்பினாலும் உயிர் போகிறது. மீன் முள்ளாக இருக்கும் என்று வாழைப்பழம், சோற்று உருண்டை எல்லாம் விழுங்கிப் பார்த்தேன். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் இரண்டு பேர் ஒன்றுமில்லை என்றார்கள். பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். எண்டோஸ்கோப்பி எடுத்து கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியாகப் பார்த்தவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரரும் 'உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நினைப்புதான்' என்கிறார். தங்கை மகன் நெட்டில் தேடி ஈகிள் சிண்ட்ரோம் என்று ஒரு பெயர் சொல்கிறான். அப்படி ஒன்று உண்டா? சென்னைக்குப் போகவா, வேலூருக்குப் போகவா?
— வாசகி, உசிலம்பட்டி

பதில்: அப்படி ஒன்று உண்டு அம்மா. உங்களுக்கு இருப்பது அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் படித்ததும் எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். பையன் வெட்டியாக நெட் பார்க்கவில்லை.

காதுக்குக் கீழே, மண்டை ஓட்டின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய, கூரான எலும்பு ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறது. ஸ்டைலாய்டு என்று பெயர். சாதாரணமாக இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் இருக்கும். சிலருக்கு அது அதற்கு மேலும் நீண்டுவிடும், அல்லது அதன் நுனியிலிருந்து இறங்கும் தசைநாரில் சுண்ணாம்பு படிந்து அதுவும் எலும்பாக இறுகிவிடும். அந்த எலும்பு இருக்கிற இடம்தான் வில்லங்கம்: டான்சில் குழிக்கு வெளிப்பக்கம், கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவில், ஒன்பதாவது மூளை நரம்பை ஒட்டி. அந்த நரம்புதான் தொண்டைக்கும் நடுக்காதுக்கும் சேர்த்து உணர்ச்சி தருகிறது, அதனால்தான் தொண்டையில் உறுத்துவது உங்களுக்குக் காதில் வலிக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த வாட் ஈகிள் என்ற காது மூக்கு தொண்டை டாக்டர் 1937-இல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரே நின்றுவிட்டது. டான்சில் ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பிறகு இது தலைகாட்டுவதை அவர் கவனித்திருந்தார். ஆபரேஷனே ஆகாதவர்களுக்கும் வரும்.

இத்தனை பேர் பார்த்தும் ஏன் அகப்படவில்லை என்று உங்களுக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டை சுத்தமாகத்தான் இருக்கும். எண்டோஸ்கோப்பி உணவுக்குழாயின் உள்பக்கத்தைக் காட்டும், இந்த எலும்போ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பல் டாக்டர் பல்லைப் பார்ப்பார், வயிற்று டாக்டர் அமிலத்தைப் பார்ப்பார், நரம்பு டாக்டர் நரம்பைப் பார்ப்பார், இது யாருடைய எல்லைக்குள்ளும் முழுசாக வருவதில்லை. அதனால்தான் இந்த மாதிரி நோய்க்கு 'எந்த ஆஸ்பத்திரி பெருசு' என்று விசாரிக்காமல், 'இந்த இடத்தில் கை வைத்துப் பழகியவர் யார்' என்று விசாரியுங்கள் என்கிறேன். கட்டடம் எத்தனை மாடி என்பதற்கும் டான்சிலுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிப் பார்க்கத் தெரிவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் என்று போர்டு இருந்தாலும் எல்லாரும் ஒரே வேலை செய்வதில்லை. செவிப்பறை ஆபரேஷனிலேயே காலம் ஓடியவர் உண்டு, சைனஸ் மட்டும் பார்ப்பவர் உண்டு, தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, கழுத்துக் கட்டி என்று கழுத்தைத் திறந்து வேலை செய்பவர் உண்டு. உங்களுக்கு வேண்டியவர் கடைசியில் சொன்னவர். அவருக்கு அடுத்தபடியாக முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது பல் மருத்துவம் முடித்து எம்.டி.எஸ்.ஸில் தாடை ஆபரேஷன் படித்தவர். அவர்களில் சிலரும் இதைச் செய்கிறார்கள். நரம்பு டாக்டர் தேவைப்படலாம், ஆனால் அது வேறு நரம்பு வலி இல்லை என்று பார்க்கவும் மாத்திரை எழுதவும்தான்.

சரி, ஊர்? சென்னைக்கும் வேலூருக்கும் டிக்கெட் போடும் முன்பு மதுரைக்கு வாருங்கள். கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, காது மூக்கு தொண்டையில் மேற்படிப்புப் படிக்கிற டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள். வரிசை நீளம், உட்கார இடம் கிடைக்காது, சீட்டு வாங்கும் இடத்தில் ஒருவர் அந்தப் பக்கம் போ என்பார் இன்னொருவர் இந்தப் பக்கம் வா என்பார், எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அரிதான கேஸ் என்றால் கல்லூரி ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, பத்துப் பேர் யோசிக்கிற இடம் அது. காலையிலேயே போய்விடுங்கள்.

உள்ளே போனதும் 'எனக்கு ஈகிள் சிண்ட்ரோம்' என்று ஆரம்பிக்காதீர்கள். நெட்டில் படித்துவிட்டு வந்த பேஷண்ட் என்றால் எங்கள் ஆட்களில் சிலருக்குக் காது அடைத்துக்கொள்ளும், என்ன செய்ய. எனக்கு எழுதினீர்களே, அதையே சொல்லுங்கள்: இடது பக்கம் மட்டும், விழுங்கினால், கொட்டாவி விட்டால், தலையைத் திருப்பினால். சொல்லி முடித்த பிறகு 'ஸ்டைலாய்டு எலும்பு நீளமாக இருக்குமோ சார், விரலால் தொட்டுப் பார்க்கிறீங்களா' என்று கேளுங்கள். கேட்டால் தப்பே இல்லை. டான்சில் குழியில் விரலை வைத்து அழுத்தும்போது 'இதே வலிதான்' என்று நீங்கள் துள்ளினால் பாதி விடை வந்த மாதிரி. அந்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டு வலி கொஞ்ச நேரம் அடங்குகிறதா என்றும் பார்ப்பார்கள், அடங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பல் எக்ஸ்ரே எடுக்கிற இடத்திலேயே முழுத் தாடையையும் ஒரே படத்தில் எடுக்கும் ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரே உண்டு, செலவு கம்மி, முதலில் அதில் எலும்பு தெரியும். சரியாக அளப்பதற்கு சி.டி. ஸ்கேன் வேண்டும், 3டி படத்தோடு. ஸ்கேன் சீட்டில் 'ஸ்டைலாய்டு நீளம் பார்க்கவும்' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். வெறுமனே கழுத்து ஸ்கேன் என்று போனால் ரிப்போர்ட்டில் அந்த எலும்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் வந்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நூற்றில் சுமார் நான்கு பேருக்கு இந்த எலும்பு நீளமாகத்தான் இருக்கிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன, அவர்களில் மிகச் சிலருக்குத்தான் வலி. ஆகவே ஸ்கேனில் நாலு சென்டிமீட்டர் என்று வந்ததை மட்டும் பார்த்துவிட்டு 'நாளைக்கே எடுத்துடலாம்' என்பவரிடமிருந்தும் தள்ளி நில்லுங்கள், தொடாமலே 'ஒண்ணுமில்ல' என்றவரிடமிருந்து தள்ளி வந்த மாதிரியே. இதே மாதிரி வலியை வேறு சிலவும் தரும். தாடை மூட்டுத் தேய்வு, ஒன்பதாவது நரம்பின் தனி வலி நோய், எல்லாவற்றுக்கும் மேலாக டான்சிலிலோ நாக்கின் அடியிலோ வளர்கிற புற்று. வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எடை குறைவது, எச்சிலில் ரத்தம், குரல் மாறுவது, கழுத்தில் கட்டி இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த எலும்புக் கதையைப் பிறகு பார்க்கலாம், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மனநல மருத்துவர் விஷயத்தில் மனம் நோகாதீர்கள். நரம்பைச் சார்ந்த வலிக்கு கார்பமசெபின், கேபாபென்டின் கொடுப்பார்கள், அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் கொடுப்பதும் உண்டு. அது மனச்சோர்வுக்கும் தருகிற மாத்திரைதான். மருந்துக்கடைப் பையன் 'இது மனசுக்குக் குடுக்குறது' என்று சொல்லிவிட்டால் வீட்டில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். வலி பொறுக்கிற அளவில் இருந்தால் மாத்திரையோடும், அந்த இடத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசியோடும் ஓட்டிவிடுபவர்களும் உண்டு.

அடங்கவில்லை என்றால்தான் ஆபரேஷன், நீண்ட பகுதியை வெட்டி எடுப்பது. வாய் வழியாக எடுக்கலாம், டான்சிலையும் சேர்த்து எடுத்துவிட்டு உள்ளே போவார்கள், வெளியே தழும்பு இல்லை, ஆனால் பார்வைக்குக் கிடைக்கிற இடம் குறுகல், கழுத்தின் உள்ளே சீழ் பிடிக்கிற அபாயம் கொஞ்சம் உண்டு. கழுத்து வழியாகவும் எடுக்கலாம், தழும்பு விழும், உதட்டோரத்தை இழுக்கிற நரம்பைப் பார்த்து ஒதுக்க வேண்டும், ஆனால் ரத்தக்குழாயையும் நரம்பையும் கண்ணால் பார்த்து வேலை செய்யலாம். எது நல்லது என்று டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. உங்களுக்கு எது, ஏன் என்று ஆபரேஷன் செய்பவரிடம் நேராகக் கேளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: இதுவரை நீங்கள் எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்? வலி போகாவிட்டால் அடுத்து என்ன? பெரும்பாலானவர்களுக்கு நிவாரணம் கிடைக்கிறது, சிலருக்கு மிச்சம் இருக்கத்தான் செய்கிறது, அதைச் சொல்லாமல் நூற்றுக்கு நூறு என்பவரை நான் நம்ப மாட்டேன். 'நான் ஒன்றிரண்டுதான் செய்திருக்கிறேன், இன்னார் நிறையச் செய்கிறார், லெட்டர் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் எங்கே நடந்தாலும் திரும்பி வந்து காட்டுவதற்கு அந்த மாதிரி ஒருவர் உள்ளூரில் வேண்டும்.

மதுரையில் அரசு, தனியார் எங்கேயும் வழி தெரியவில்லை என்றால் அப்போது வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள். எல்லாம் கற்பிக்கிற ஆஸ்பத்திரிகள், தலை-கழுத்துக்கு ஆள் இருக்கிற இடங்கள். வேலூர் போவதாக இருந்தால் அப்பாயின்ட்மென்டை முன்பே ஆன்லைனில் போட்டுக்கொள்ளுங்கள், எந்த வளாகம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டைப் பக்கம் அவர்களுக்கு இன்னொரு பெரிய வளாகம் இருக்கிறது. காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பழைய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்ற பிறகு 'இங்கே இல்லை' என்று தெரிந்தால் ஒரு நாள் போச்சு.

எங்கே போனாலும் ஒரே ஒரு தாள் எழுதி எடுத்துப் போங்கள். வலி எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், எதனால் கூடுகிறது, யார் யார் பார்த்தார்கள், என்ன செய்தார்கள், என்ன மாத்திரை எத்தனை நாள், அதில் எது கேட்டது எது கேட்கவில்லை. தங்கை மகனையே எழுதச் சொல்லுங்கள். மஞ்சப்பை நிறைய சீட்டுகளைக் கொண்டு வந்து மேசை மேல் கொட்டினால் ஓ.பி.யில் யாருக்கும் அதைப் பிரித்துப் படிக்க நேரம் கிடையாது, தாள் இருந்தால் படித்துவிடுவார்கள். ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி. தட்டும் வாங்குங்கள், படத்தை இப்படி அப்படித் திருப்பிப் பார்க்க அதில்தான் முடியும்.

கடைசியாக, வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் சலூனில் நெட்டி முறித்துக்கொள்கிற ஆளாக இருந்தால் அந்த வித்தையை உங்கள் கழுத்தில் மட்டும் காட்டச் சொல்லிவிடாதீர்கள். நீண்ட எலும்பு ரத்தக்குழாயை ஒட்டி இருக்கும்போது கழுத்தை வெடுக்கென்று திருப்புவது குழாயின் உள்சுவரைக் கிழித்துவிடலாம். தலையைத் திருப்பும்போது கண் இருட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ ஓ.பி. வரிசை வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

கேள்வி: டாக்டரம்மா, என் அண்ணனுக்கு 38 வயது. வலது பக்கம் தாடைக்குக் கீழே கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி, மூன்று வருடமாக இருக்கிறது, வலி இல்லை. ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் போட்டு வழித்துவிட்டோம். அப்புறம் ஒருவர் கண்டமாலை என்று சொல்லி டி.பி. மாத்திரை ஆறு மாதம் கொடுத்தார், குறையவில்லை. இப்போது ஸ்கேனில் கரோட்டிட் பாடி ட்யூமராக இருக்கலாம் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் சதை எடுத்து டெஸ்ட் செய்யலாம் என்கிறார். சொந்தக்காரர்கள் 'கேன்சர்தான், அடையாறுக்குக் கூட்டிட்டுப் போ' என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், மேலூர்

பதில்: தம்பி, முதலில் இரண்டு காரியம். அந்தக் கட்டியை இனி யாரும் எண்ணெய் போட்டு வழிக்க வேண்டாம். சதை எடுப்பதையும் நிறுத்தி வையுங்கள்.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவில், உண்டிவில்லின் கவட்டைக்குள் கல்லை இறுக்கி வைத்தது போல, இந்தக் கட்டி உட்கார்ந்திருக்கும். முழுக்க ரத்தம் ஓடுகிற கட்டி. தொட்டால் துடிக்கலாம், பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும் நகராது. இதில் கத்தி வைத்து ஒரு துண்டு எடுக்கப் போனால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு, அதனால் இந்தச் சந்தேகம் இருக்கும்போது சாதாரணமாகச் சதை எடுத்துப் பார்ப்பதில்லை. ரத்தக்குழாயைக் காட்டுகிற சி.டி. ஆஞ்சியோவோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். (இதைப் படிக்கிற மற்றவர்கள் 'கழுத்துக் கட்டிக்கு ஊசி டெஸ்டே வேண்டாமாம்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். கழுத்தில் வருகிற மற்ற பெரும்பாலான கட்டிகளுக்கு ஊசி டெஸ்ட்தான் முதல் படி, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கரையாமல் நின்றால் காட்டியே ஆக வேண்டும். டி.பி. மாத்திரையையும் டெஸ்ட் செய்து டி.பி. என்று தெரிந்த பிறகு சாப்பிடுவதுதான் முறை.)

இது பெரும்பாலும் கேன்சர் இல்லை, மெதுவாக வளர்வது. மூன்று வருடம் இருந்திருக்கிறது, சரியான ஆளைத் தேட இன்னும் சில வாரம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் ஆகிவிடாது. அதற்காக வருடக்கணக்கில் போடவும் வேண்டாம், ஏனென்றால் கட்டி சிறிதாக இருக்கும்போது எடுப்பது ஒரு மாதிரி, ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்ட பிறகு எடுப்பது வேறு மாதிரி. எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரிப்பார்கள், ஷாம்ப்ளின் பிரிவு என்று 1971 முதல் இருக்கிறது. 'அண்ணனுக்கு ஷாம்ப்ளின் எத்தனை?' என்று நீங்கள் கேளுங்கள். உடனே விளக்கிச் சொல்பவர் இந்த வேலை தெரிந்தவர்.

அடையாறு இன்ஸ்டிட்யூட் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் உருவானது, அதன் மேல் எனக்குள்ள மரியாதையில் குறைவில்லை. ஆனால் உங்கள் அண்ணனுக்கு வேண்டியது கேன்சர் ஆஸ்பத்திரி என்ற பெயர் அல்ல. தலை-கழுத்து அறுவை சிகிச்சை நிபுணரும் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆபரேஷனுக்கு முன் கட்டிக்குப் போகிற ரத்தத்தை உள்ளிருந்தே அடைக்கிற கதிரியக்க நிபுணரும் வேண்டும். சுற்றியிருக்கிற குழாயைச் சில சமயம் வெட்டித் தைக்க வேண்டி வரும், அந்த நேரத்தில் போன் போட்டு ஆளைக் கூப்பிடுகிற இடம் சரிப்படாது. பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அவர்கள் சென்னைக்கு அனுப்பினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. மதுரையிலும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் உண்டு, இந்த மூன்று பேரும் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு குரல், விழுங்குவது, நாக்கு அசைவு இவற்றில் எது பாதிக்கலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், இந்த நரம்புகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகின்றன.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கட்டி சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். அதில் ஒரு வகை மரபணுக் கோளாறு அப்பா வழியாக வந்தால்தான் பெரும்பாலும் கட்டியாக வெளிப்படும். அப்பாவுக்கோ, அப்பா கூடப் பிறந்தவர்களுக்கோ, தாத்தாவுக்கோ கழுத்தில் இப்படி இருந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். நீங்களும் உங்கள் கழுத்தை ஒரு தடவை காட்டிவிடுங்கள். அண்ணனுக்குத் திடீர் திடீரென்று படபடப்பு, வியர்வை, ரத்த அழுத்தம் ஏறுவது உண்டா என்றும் கேளுங்கள், இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டருக்குத் தெரிய வேண்டும். அரிதாகச் சில கட்டிகள் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற ரசாயனத்தைச் சுரக்கும், அதற்கு ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. வலது கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி வலி, சில நொடிதான், ஆனால் ஒரு நாளில் பல தடவை. முகம் கழுவினால், பல் தேய்த்தால், காற்றுப் பட்டால்கூட வருகிறது. இரண்டு பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. மூன்றாவதையும் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.
— வாசகி, வாடிப்பட்டி

பதில்: எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஐந்தாவது மூளை நரம்பின் வலி போலிருக்கிறது, ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பார்கள். நேராக நரம்பியல் மருத்துவர், அதாவது டி.எம். நியூராலஜி படித்தவர். கார்பமசெபினில் ஆரம்பிப்பார். அதில் வலி அடங்கினாலே நோய் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த மாத்திரையில் இரண்டு கவனம்: உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், அம்மாவின் வயதுக்கு ரத்தத்தில் சோடியம் குறையக்கூடும், அதையும் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பை ரத்தக்குழாய் அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள். மாத்திரை கேட்காமல் போனால் அந்த அழுத்தத்தை விலக்குகிற ஆபரேஷன் இருக்கிறது, அதற்கு நியூரோ சர்ஜன், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மாதிரி இடங்கள். அது அப்புறம். இப்போது பல்லைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: என் அக்காவுக்குக் காதுக்குப் பின்னால் அரிதான கட்டி என்கிறார்கள். வேறு டாக்டரிடமும் கேட்கலாம் என்றதற்கு, பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ரிப்போர்ட்டுகளையும் தரவில்லை. எங்களுக்குப் பண வசதியும் இல்லை, காப்பீட்டு கார்டும் இன்னும் எடுக்கவில்லை.
— வாசகர், திருமங்கலம்

பதில்: கோபப்பட்டால் படட்டும். ரிப்போர்ட் உங்கள் அக்காவுடையது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. வாய்மொழியாகக் கேட்காமல் அக்கா கையெழுத்தோடு தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். தாள் என்று வந்துவிட்டால் பல இடங்களில் அன்றைக்கே எடுத்துத் தந்துவிடுவார்கள். சண்டை வேண்டாம், அந்த டாக்டரின் சிகிச்சை நன்றாகவே இருக்கலாம், திரும்பி அவரிடமே போகிற நிலைமையும் வரலாம். புதிதாகப் பார்க்கிறவரின் படிப்பு, பதிவு பற்றிச் சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, வருடத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லா ஆபரேஷனும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இதில் வராது, அதனால் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கே இருக்கிற காப்பீட்டு மேசையில் ஆபரேஷனின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அல்லது 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். தேதி வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், அட்மிட் ஆன பிறகு ஒருவர் வார்டிலும் ஒருவர் தாலுகா ஆபீசிலும் நிற்க வேண்டி வரும். அக்கா பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். கல்யாணம் ஆகிப் போனவர் பெயரை இந்தக் கார்டில் நீக்கிவிட்டு அந்தக் கார்டில் சேர்க்காமல் விட்டிருந்தால் முதல் நாளே அங்கேதான் தடுக்கும்.